மூணுவாட்டி கேட்பவர்

கம்பெனியில் போய் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கையை விரித்துவிடுவார்கள். "மூணுவாட்டி இருக்காரா?" என்று கேட்டுப் பாருங்கள். எந்தக் கட்டடத்தில், எந்த லிஃப்ட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறார் என்பதுவரை சொல்லிவிடுவார்கள். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வயது ஐம்பத்தி நாலு. காதோரம் நரைத்துவிட்டது, இடுப்பில் சாவிக்கொத்து, தலையில் ஒரு காலத்தில் நீலமாக இருந்த தொப்பி.

இந்தப் பட்டப்பெயர் வந்த கதையைச் சொல்ல, அவர் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லிஃப்ட் வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் போவார்கள். ஒருவர் மொட்டைமாடியில் இருக்கும் மெஷின் ரூமில் நிற்பார். இன்னொருவர் தரைத்தளத்துக் கதவைத் திறந்து, ஏணி வைத்து, லிஃப்ட் குழிக்குள் இறங்குவார். அதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைத்து, ஆளுக்கொரு பூட்டை அதில் மாட்டி, சாவியை அவரவர் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை பேர் வேலை செய்கிறார்களோ அத்தனை பூட்டு. போட்டவன்தான் திறக்கணும், இன்னொருத்தன் கை வைக்கவே கூடாது. இது தொழிலின் சட்டம்.

இந்தச் சட்டத்துக்கு மேல் மூணுவாட்டி தன் பங்குக்கு இன்னொன்றைச் சேர்த்துவிட்டார். வேலை முடிந்ததும் மேலே நிற்கிறவர், மெஷின் ரூம் தரையில் கயிறுகள் இறங்குகிற ஓட்டையில் குனிந்து, "வெளிய வந்தாச்சா?" என்று மூன்று முறை கத்த வேண்டும். கீழே இருப்பவர் மூன்று முறையும் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். "ம்" என்று முனகினால் செல்லாது. கதவு சாத்துகிற சத்தம், காலடிச் சத்தம் எதுவுமே பதில் ஆகாது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். கீழே இருக்கிறவன் எப்படியும் மேலே வந்து அவன் பூட்டை அவனே திறக்கப்போகிறான், அப்புறம் எதற்கு இந்தக் கூப்பாடு என்பார்கள். "கேட்டா என்ன கொறஞ்சா போயிடுவே?" என்பார் மூணுவாட்டி. அதற்கு மேல் விளக்கம் கிடைக்காது.

கேட்பதுகூடப் பெரிய விஷயமில்லை. கேட்டுவிட்டு அந்த மனிதர் காத்திருப்பார் பாருங்கள், அதுதான் விஷயம். கீழே காய்கறிப் பையோடு நாலு பேர் முனகிக்கொண்டிருப்பார்கள். கட்டடச் செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டிக் காட்டிப் பேசுவார். இவர் கல்லுப்பிள்ளையார் மாதிரி ஓட்டையில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பதில் வந்தால்தான் அடுத்த கேள்வி.

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. "கேஸை மூடிட்டியா?" என்று மூன்று தடவை கேட்பார். அவர் மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர். தையல் மெஷினை விடக் கொஞ்சம் வேகமாக ஓடும் வாய் அந்த அம்மாளுக்கு. "மூடிட்டேன், மூடிட்டேன், மூடிட்டேன். நாளைக்கும் சேத்துச் சொல்லிடவா?" என்பார். "நாளைக்கு உள்ளதை நாளைக்குச் சொல்லு" என்பார் இவர், சிரிக்காமல்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அது அவருடன் வேலை செய்யும் குண்டூசிக்கு மட்டும்தான் தெரியும். குண்டூசி என்றால் ஆள் எப்படி இருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வயது, பத்து வருடப் பழக்கம், வாய்யா போய்யா உறவு.

லிஃப்ட் குழி என்பது ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைந்த ஒரு கான்கிரீட் தொட்டி. கிரீஸ் வாடை. நடுவில் தடிமனான ஸ்பிரிங் இரண்டு. மேலே கதவிடுக்கில் மனிதர்கள் தவறவிடுவதெல்லாம் அங்கேதான் வந்து சேரும்: ஹேர்பின், பேனா மூடி, சில்லறைக் காசு, குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ். மூணுவாட்டி இறங்கியதும் முதலில் அதையெல்லாம் கூட்டி எடுப்பார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்பிரிங் பக்கத்தில் நின்று, "ஆண்டவனே, என் தம்பி என்கிட்ட பேசணும்" என்பார். அவ்வளவுதான் ஜெபம். அலங்காரம் ஒன்றும் கிடையாது. அதைச் சொல்லிவிட்டு, சொன்ன நேரத்தைப் போல நாலைந்து மடங்கு நேரம் சும்மா நிற்பார்.

"சொல்லித்தான் முடிச்சிட்டியே, அப்புறம் என்னய்யா நிக்கிறே?" என்று ஒரு நாள் கேட்டார் குண்டூசி.

"கேட்டுட்டுப் பதிலுக்கு நிக்க வேணாமா?" என்றார் இவர்.

குண்டூசி விடவில்லை. "லிஃப்ட் பட்டனை ஒரு தடவை அமுக்குனா போதும், சும்மா சும்மா அமுக்குனா சீக்கிரம் வராதுன்னு வீடு வீடா போய்ப் பாடம் நடத்துறே. நீ மட்டும் வருஷக்கணக்கா ஒரே பட்டனை அமுக்கிக்கிட்டு நிக்கிறே."

மூணுவாட்டி கொஞ்சம் யோசித்தார். "சீக்கிரம் வரும்னு அமுக்கலய்யா. இது வராதுன்னு நெனச்சு நான் பாட்டுக்குப் படியேறிப் போயிடக் கூடாதுல்ல, அதுக்குத்தான் அமுக்குறேன்."

அன்றிலிருந்து, இவர் குழியில் தொப்பியைக் கழற்றுகிற நேரத்தில் மேலே எந்தச் சத்தமும் வராமல் அவரும் பார்த்துக்கொள்வார்.

தம்பி விஷயம் பதினோரு வருடத்துப் பழசு. அப்போது இவருக்கு இந்தப் பட்டப்பெயர் கிடையாது. தம்பி பத்து வயது இளையவன். அவனை இந்தத் தொழிலுக்குக் கூட்டி வந்ததே அண்ணன்தான். வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு பூட்டு வாங்கி, அடையாளத்துக்கு நீலப் பெயிண்ட் அடித்து, அவன் கையில் கொடுத்தார். கெட்டிக்காரப் பையன், வேலையைக் கண்ணால் பார்த்தே கற்றுக்கொள்வான். ஒரே குறை, சாவியைத் தொலைப்பான். இரண்டு முறை தன் பூட்டைத் தானே அறுத்து எடுக்க வேண்டி வந்தது. மூன்றாவது பூட்டு வாங்கி அதற்கும் நீலம் அடித்தபோது அண்ணன் யாருக்கும் சொல்லாமல் அதற்கு ஒரு டூப்ளிகேட் சாவி செய்து தன் கொத்தில் கோத்துக்கொண்டார். பாசம்தான். பாசத்தில் செய்கிற தப்பு, தப்பு மாதிரியே தெரியாது.

அன்று ஆறு மாடிக் கட்டடம், சாயங்கால நேரம். தம்பி குழியில், அண்ணன் மேலே. வேலை இழுத்துக்கொண்டே போனது. ஆபீஸ் விட்டு வந்தவர்கள் கீழே குவிந்துவிட்டார்கள். கதவைத் தட்டினார்கள், திட்டினார்கள், செயலாளரும் மூச்சிரைக்க மாடியேறி வந்து நின்றார். அண்ணன் ஓட்டையில் குனிந்து, "வெளிய வந்துட்டியா?" என்று கேட்டார். ஒரே ஒரு முறை. பதில் வரவில்லை, கதவு சாத்துகிற சத்தம் மட்டும் வந்தது. வந்துவிட்டான் என்று முடிவு செய்துவிட்டார். தம்பி ஆறு மாடி ஏறி வந்து பூட்டைத் திறக்க எவ்வளவு நேரமாகும், ஜனங்கள் நிற்கிறார்களே என்று, கொத்திலிருந்த டூப்ளிகேட் சாவியால் நீலப் பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டுவிட்டார்.

லிஃப்ட் ஒரு சாண்தான் நகர்ந்தது. தம்பியின் வலது கை அப்போது குழியில் இருந்த உருளையின் கயிற்றில் இருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. கதவைச் சாத்தியது தரைத்தளத்தில் யாரோ ஒரு வீட்டுக்காரர்; அங்கிருந்த கூச்சலில் அண்ணன் கேட்டது தம்பியின் காதில் விழவே இல்லை.

ஆஸ்பத்திரியில் தம்பி கத்தவில்லை, அழவில்லை. கட்டுப் போட்ட கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "என் பூட்டுக்கு உன்கிட்ட ஏதுண்ணே சாவி?"

அண்ணன் என்னவென்று சொல்வது? உன்மேல் அக்கறைப்பட்டுச் செய்து வைத்தேன் என்றா?

கை ஆறியதும் தம்பி ஊரை விட்டே போய்விட்டான். நாலு மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கிற வேறு ஊரில், ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அண்ணன் தேடிக்கொண்டு போனார். தம்பி கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றான். உள்ளே வா என்று சொல்லவில்லை. "நானா வர்ற வரைக்கும் நீ வராதே. போன் பண்ணாதே. ஆள் விட்டுப் பேசாதே. சரின்னு சொல்லு" என்றான்.

"சரி" என்றார்.

திரும்பி வந்ததும் டூப்ளிகேட் சாவியைக் கொத்திலிருந்து கழற்றி, ஒரு கவரில் போட்டுத் தம்பிக்குத் தபாலில் அனுப்பினார். கடிதம் எழுத உட்கார்ந்தார், வார்த்தை வரவில்லை, சாவியை மட்டும் அனுப்பினார். மறுநாள் வேலைக்குப் போனபோதுதான் முதன்முதலாகக் குழிக்குள் தொப்பியைக் கழற்றினார். மூன்று முறை கேட்கிற வழக்கம் ஆரம்பித்ததும் அப்போதுதான்.

மனைவிக்கு இதில் பொறுமை கிடையாது. முதல் நாலு வருடம் அந்த அம்மாளும் சேர்ந்துதான் வேண்டிக்கொண்டார். அப்புறம், "பதில் சொல்லாத ஆளுகிட்ட எவ்வளவு நாள்தான் பேசறது" என்று விட்டுவிட்டார். கொழுந்தனுக்கு அவ்வப்போது போன் செய்வார், அந்த அம்மாள் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லையே. "நல்லா இருக்கேன் அண்ணி, நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று அவனும் பேசுவான். அண்ணனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கமாட்டான்.

"அவருதான் பூட்டிக்கிட்டாருன்னா நீங்களும் கூடச் சேந்து உக்காந்திருக்கணுமா?" என்று மனைவி பொரிவார். "நேராப் போயி வாசல்ல நில்லுங்க. காலைப் புடிங்க. உங்க தம்பிதானே, வெட்டியா போடப்போறாரு?"

"அவன் பூட்டு. அவன்தான் திறக்கணும்."

"அப்ப அந்தக் கடவுளை எதுக்குத் தொந்தரவு பண்றீங்க?"

"அவருகிட்ட மட்டும்தானே கேக்கலாம். அவரு யாரு பூட்டையும் உடைக்க மாட்டாரு."

இப்படிப் பத்து வருடம் ஓடியது. பத்து வருடம் என்று எழுதுவது சுலபம். அந்த மனிதர் அதை ஒவ்வொரு குழியாக இறங்கி ஏறிக் கடந்தார். நம்மில் பலருக்கு ஒரு போனுக்குப் பதில் வரப் பத்து நிமிடம் ஆனால் தலை வெடித்துவிடுகிறது.

போன வருடம் அவருக்குக் குடலிறக்கம் வந்தது. பாரம் தூக்குகிறவர்களுக்கு வருவதுதான். சின்ன ஆபரேஷன், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். முந்தின நாள் மத்தியானமே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆறு கட்டில் போட்ட வார்டு, ஜன்னலோரக் கட்டில். மனைவி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போனவர், அரை மணி நேரம் கழித்து முகமெல்லாம் பல்லாக வந்தார். பிளாஸ்க் காலியாகவே இருந்தது.

"என்ன விஷயம்?" என்றார் இவர்.

"ஒண்ணுமில்ல."

"என்ன விஷயம்?"

"வெந்நீர் தீந்து போச்சாம்."

"என்ன விஷயம்?"

மூன்றாவது கேள்விக்கு அந்த அம்மாளால் தாக்குப்பிடிக்க முடியாது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "உங்க தம்பி வர்றாரு" என்றார்.

இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "வர்றேன்னானா?"

"வர்றேன் அண்ணின்னு சொன்னாரு."

"அவனேவா சொன்னான்? அவன் வாயாலயா?"

"பின்ன என் வாயாலயா? ராத்திரி சாப்பாட்டுக்குள்ள வந்துடுவாரு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தொப்பி இல்லாத தலையைத் தடவிக்கொண்டார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சவரம் செய்துகொள்ளாமல் வந்துவிட்டோமே என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அப்படி ஐந்து நிமிடம் இருந்திருப்பார். பிறகு கை கன்னத்திலேயே நின்றுவிட்டது.

"நீ என்னன்னு சொல்லிக் கூப்பிட்டே?"

மனைவி பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே, "ஆபரேஷன்னு சொன்னேன்" என்றார்.

"என்னன்னு சொன்னே?"

"பெரிய ஆபரேஷன், பொழைப்பீங்களோ மாட்டீங்களோன்னு டாக்டரே கையை விரிச்சுட்டாருன்னு சொன்னேன். கடைசியா ஒரு தடவை வந்து மொகத்தைப் பாத்துட்டுப் போங்கன்னு சொன்னேன். ஆமா, பொய்தான். நல்லதுக்குச் சொன்ன பொய். வந்துட்டாருன்னா எல்லாம் சரியாப் போயிடும், அப்புறம் யாரு கணக்குப் பாக்கப்போறா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேசியபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"திரும்பப் போன் பண்ணு. உண்மையைச் சொல்லிடு."

"உங்களுக்குப் பைத்தியமா?"

"இது டூப்ளிகேட் சாவி. இதுவும் அதுதான்."

"இருந்துட்டுப் போகட்டுமே! திறக்குதுல்ல!"

"அன்னைக்கும் திறந்துச்சு" என்றார்.

அந்த அம்மாள் சண்டை போட்டார், அழுதார், பக்கத்துக் கட்டில்காரரை நியாயம் கேட்டார். பக்கத்துக் கட்டில்காரர் புத்திசாலி, போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். கடைசியில் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் பஸ் இன்ஜின் சத்தமும், யாரோ இடம் போடச் சொல்லிக் கத்துகிற சத்தமும் கேட்டது. தம்பி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தான்.

"நான் சொன்னது பொய். சின்ன ஆபரேஷன்தான், மூணு நாள்ல வீட்டுக்கு வந்துடுவாரு. உங்க அண்ணன்தான் உண்மையைச் சொல்லச் சொன்னாரு" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, "சரி அண்ணி" என்றான். போன் நின்றுவிட்டது.

தம்பி வரவில்லை. சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. பார்வையாளர்கள் எல்லோரும் கிளம்பினார்கள். வார்டு வாசலில் கேட்ட ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் இவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். மனைவி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மருந்து கொடுத்தார், முதுகு துடைத்துவிட்டார், எல்லாம் செய்தார், பேசவில்லை. மூன்றாம் நாள் துணிகளை மடித்துப் பையில் வைக்கும்போது, "கையில வந்து உக்காந்ததைத் தட்டிவிட்டுட்டீங்களே" என்று மட்டும் சொன்னார். இவரும் ஆமாம் என்றுதான் தலையாட்டினார்.

ஒன்றரை மாத ஓய்வுக்குப் பிறகு வேலைக்குப் போனார். குழியில் இறங்கினார், கூட்டினார், தொப்பியைக் கழற்றினார். வார்த்தை வரவில்லை. பத்து வருடமாகச் சொன்ன ஒரே வரி, அதைக் கூட வாய் சொல்ல மறுத்தது. "ஆண்டவனே, நீ அனுப்பினவனை நானே திருப்பி அனுப்பிட்டேனோ என்னமோ. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்கிட்ட கேக்குறது?" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் கூட நிற்காமல் ஸ்பானரை எடுத்துக்கொண்டார். அன்று முழுக்க அவர் முகம் இருண்டு கிடந்தது. செய்தது சரி என்று நெஞ்சுக்குத் தெரிந்தது, ஆனால் சரியானதைச் செய்த சந்தோஷம் கொஞ்சம்கூட இல்லை.

மறுநாள் வேறொரு கட்டடம், வேறொரு குழி. தொப்பியைக் கழற்றினார். "ஆண்டவனே, என் தம்பி என்கிட்ட பேசணும்" என்றார். நின்றார்.

இந்த மனிதரை எதற்காவது மெச்ச வேண்டுமென்றால் அந்த மறுநாளுக்காக மெச்சலாம். நம்பிக்கை இருக்கும்போது கேட்பது யாருக்கும் வரும். வாசலைத் தன் கையாலேயே சாத்திவிட்டோமோ என்ற பயத்தோடு மறுபடியும் போய் நின்று கேட்க ஒரு தனி நெஞ்சு வேண்டும்.

மாதங்கள் போயின. ஒரு நாள் சாயங்காலம் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், "நானும் மறுபடி கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"அதெல்லாம் எதுக்கு உங்களுக்கு? ஊசியில நூல் கோக்கும்போது கேக்குறேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கோக்குறேன்னு கணக்குப் பாத்துக்குங்க. உங்களை விட ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு மெஷினை ஓட்டத் தொடங்கிவிட்டார்.

அது கழிந்து இரண்டு மாதம் இருக்கும். வாரத்தின் நடுவில் ஒரு சாதாரண நாள், காலை பத்தரை மணி. ஐந்து மாடிக் கட்டடம். சுவிட்சில் இவர் பூட்டும் குண்டூசி பூட்டும் தொங்கின. இவர் குழியில். அன்றைக்குக் கிடைத்தவை இரண்டு ஹேர்பின், ஒரு சட்டைப் பொத்தான், எந்த வீட்டுக் குழந்தையோ வீசிய பொம்மைக் கார். கூட்டி ஓரமாக வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"ஆண்டவனே, என் தம்பி என்கிட்ட பேசணும்."

சொல்லிவிட்டு வழக்கம் போல் நின்றார். மேலே ஏதோ பேச்சுச் சத்தம் கேட்டது. குண்டூசி எதற்கோ "ஆங்?" என்றார். பூட்டு ஒன்று சுவிட்சுப் பெட்டியில் இடிக்கிற சத்தம். பிறகு அந்த உயரத்திலிருந்து, கயிறுகளுக்கு நடுவே, ஒரு குரல் இறங்கி வந்தது.

"அண்ணே!"

உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா? பதினோரு வருடமாக மேலே பார்த்துக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நின்ற ஆள், மேலேயிருந்து நிஜமாகவே பதில் வந்ததும் பயந்துபோய் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டார். குண்டூசி அவரை ஒரு நாளும் அண்ணே என்று கூப்பிட்டது கிடையாது.

"அண்ணே, நான்தான். அண்ணிக்குப் போன் பண்ணி எடம் கேட்டேன். இங்க இருக்கேன்னு சொன்னாங்க."

இவர் ஸ்பிரிங்கை விடாமல் அண்ணாந்து பார்த்தார்.

"அன்னைக்கு பஸ்ல இருந்து எறங்குனப்ப கோவம்தான் வந்துச்சு. ரொம்ப நாளு கோவமாவே இருந்தேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். நீ சும்மா படுத்திருந்தா போதும், நான் வந்திருப்பேன். நீ வேணாம்னுட்டே." குரல் கொஞ்சம் நின்று, மறுபடி வந்தது. "குண்டூசி அண்ணன் பூட்டைக் கழட்டிட்டு என் பூட்டை மாட்டியிருக்கேன். அதே நீலப் பூட்டுதான். ரெண்டு சாவியும் என் பையிலதான் இருக்கு, பயப்படாதே!"

லிஃப்ட் ஓடும் வழியில் பேசினால் மாடிக்கு மாடி கேட்கும். மூன்றாம் மாடியில் யாரோ கதவைத் திறக்கிற சத்தம் வந்தது. கட்டடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்கட்டுமே.

"வெளிய வந்தாச்சா?" என்று கத்தினான் தம்பி. குண்டூசி சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

இவர் ஏணியைக் கையால் தேடினார்.

"வெளிய வந்தாச்சா?"

தொப்பியால் முகத்தைத் துடைத்தார். பத்து வருடம் மேலே நிற்கிறவர், கீழே நிற்கிறவர் இரண்டு பேருக்கும் சட்டம் போட்டு, முனகினால் செல்லாது என்று அடித்துச் சொன்ன மனிதர், அன்று முனகக்கூட முடியாமல் நின்றார்.

"அண்ணே! வெளிய வந்தாச்சா? வாயைத் திறந்து சொல்லு. பதில் வராம நான் இங்கேருந்து நகர மாட்டேன்."

"இன்னும் வரலடா!" என்று கத்தினார். குரல் உடைந்து, அந்தப் பொந்து முழுக்க எதிரொலித்தது. "இரு! வர்றேன்! இருடா!"

"மெதுவா வா. நான் எங்கயும் போகல."

ஏணியில் ஏறி வெளியே வந்தார். தொப்பியைக் குழியிலேயே விட்டுவிட்டார். குழிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரே ஒரு முறைதான் பார்த்தார். லிஃப்ட்டின் மெயின் சுவிட்சிலோ அண்ணன் தம்பி இரண்டு பேர் பூட்டும் தொங்குகிறது, ஐந்து மாடியும் கால்தான் கதி. ஆபரேஷன் தழும்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாக ஏறினார்.

மூன்றாம் மாடியில் கதவைத் திறந்துகொண்டு ஒரு அம்மாள் நின்றிருந்தார். "என்னங்க, லிஃப்ட் எப்ப வரும்?" என்றார்.

"வரும்மா, கொஞ்சம் நேரமாகும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அவர் நிற்காமல் மேலே ஏறினார்.